வள்ளுவர் பெயரில் மையங்கள்: எந்த நாட்டின் வழி நமக்குப் பொருந்தும்?

2024 செப்டம்பரில் சிங்கப்பூர் சென்ற பிரதமர் மோடி, முதல் சர்வதேசத் திருவள்ளுவர் கலாச்சார மையம் அங்கே அமையும் என்று அறிவித்தார். உலகெங்கும் இப்படி மையங்கள் வரும் என்ற வாக்குறுதி, அந்த ஆண்டு மக்களவைத் தேர்தலுக்கு பாஜக வெளியிட்ட அறிக்கையிலேயே இருந்தது. 2025 ஜனவரியில் யாழ்ப்பாணத்திலும் அதே பெயர் வந்தது. இந்தியா சுமார் 1.1 கோடி டாலர் செலவில் கட்டிக்கொடுத்த கலாச்சார மையம் அது. பெயர் முடிவாகிவிட்டது, இடங்களும் ஒவ்வொன்றாக முடிவாகின்றன. ஆனால் கட்டடத்துக்குள் என்ன நடக்கப்போகிறது, அதை யார் தீர்மானிக்கப்போகிறார்கள் என்பது பற்றித்தான் பேச்சே குறைவாக இருக்கிறது.

அதைப் பேசுவதற்கு முன் ஒன்றை ஒப்புக்கொள்வோம். எந்த அரசும் தன் மொழியையும் கலையையும் வெறும் அன்பினால் கடல் கடத்துவதில்லை. பிரஷ்யாவிடம் தோற்று, அல்சாஸையும் லொரேனின் ஒரு பகுதியையும் இழந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1883-ல் பாரிஸில், பிரெஞ்சு மொழியைப் பரப்பும் அலியான்ஸ் பிரான்சேஸ் பிறந்தது. ஜெர்மனியும் இத்தாலியும் பரப்பிய பாசிசப் பிரச்சாரத்துக்கு எதிராக 1934-ல் பிரிட்டிஷ் கவுன்சில் தொடங்கப்பட்டது. யாழ்ப்பாண மையத்தை எழுப்பியபோது டெல்லியின் மனதில் சீனா இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. கொழும்பில் சீன உதவியில் எழுந்த நெலும் பொக்குண அரங்கம் 2011-லேயே திறக்கப்பட்டுவிட்டது. நோக்கம் அரசியல் என்பதால் மட்டும் ஒரு மையம் கெட்டதாகிவிடாது. அந்த நோக்கம் மையத்தின் அன்றாட வேலைக்குள் எவ்வளவு தூரம் கைநீட்டுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். இந்தக் கட்டுரையில் நான் ஒப்பிடும் வழிகள் எல்லாவற்றையும் அந்த ஒரே கேள்வியை வைத்துத்தான் எடைபோடுகிறேன்.

முதலில் மாஸ்கோ. ஏனென்றால் அதை நான் கையில் தொட்டிருக்கிறேன். என் வயதுக்காரர்கள் பலருக்கு டால்ஸ்டாயும் செகாவும் கார்க்கியும் தமிழில்தான் முதலில் அறிமுகம். நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தின் வண்டி ஊருக்கு வரும். கெட்டி அட்டை, வழவழப்பான தாள், பளிச்சென்ற படங்கள், விலையோ சில ரூபாய். முகப்பைத் திருப்பினால் முன்னேற்றப் பதிப்பகம், மாஸ்கோ. ரஷ்ய அறிவியல் எழுத்தாளர் பெரல்மானின் பௌதிகத்தைத் தமிழில் படித்துவிட்டு, பள்ளிப் பாடம் இப்படி இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்கிய பையன்களில் நானும் ஒருவன். தமிழ்நாட்டிலிருந்து மொழிபெயர்ப்பாளர்களை அழைத்து, மாஸ்கோவில் குடியமர்த்தி, சம்பளம் கொடுத்து வேலை வாங்கியது அந்த அரசு. நம் மொழியை இவ்வளவு மதித்து நம்மிடம் பேசிய வேறு வல்லரசு எதையும் எனக்குத் தெரியாது.

ஆனால் பட்டியல் அவர்களுடையது. 1958-ல் நோபல் பரிசை மறுக்கும்படி நெருக்கப்பட்ட பாஸ்டர்நாக் அந்த வண்டியில் வரவில்லை. 1974-ல் நாடு கடத்தப்பட்ட சோல்செனிட்சினும் வரவில்லை. அவர்களை நாங்கள் வேறு வழிகளில், காலந்தாழ்த்தி, ஒருவித ஏமாற்றத்தோடு தெரிந்துகொண்டோம். அதுவரை நம்பிக் கேட்ட குரல் எதையோ மறைத்திருக்கிறது என்று தெரியும்போது வரும் ஏமாற்றம் அது. 1991-ல் அந்த நாடே இல்லாமல் போனது, புதிய புத்தகங்கள் வருவதும் நின்றது. டால்ஸ்டாயின் தமிழ் மட்டும் நின்றுபோகவில்லை. அந்த மொழிபெயர்ப்புகள் இன்றும் மறுபதிப்பாகின்றன. மாஸ்கோ வழியிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வாசகரின் தாய்மொழியையும் வாசகரின் பைக்கு எட்டும் விலையையும். விட்டுவிட வேண்டியது அந்தப் பட்டியலை. இன்றைய ரஷ்யா இதைத் தலைகீழாகச் செய்தது. 2007-ல் தொடங்கிய ருஸ்கி மிர் அறக்கட்டளை, ரஷ்ய மொழி பேசுவோர் எல்லோரும் ஒரே உலகம் என்ற கருத்தைச் சுமந்தது. உக்ரைன் போருக்குப் பிறகு 2022-ல் ஐரோப்பிய ஒன்றியம் அதன்மேல் தடை விதித்தது. ஒரு மொழியைப் படைக்கு முன்னால் அனுப்பினால் அந்த மொழிக்கு என்ன ஆகும் என்பதை உக்ரைனில் இன்று கண்ணால் காணலாம்.

அடுத்தது பெய்ஜிங்கின் வழி. முதல் கன்பூசியஸ் நிறுவனம் 2004-ல் சியோலில் தொடங்கியது. பதினைந்தே ஆண்டுகளில் எண்ணிக்கை 500-ஐத் தாண்டியது. இந்த வேகத்தில் வேறு எந்த நாடும் வளர்ந்ததில்லை. அதன் சூட்சுமம் எளிது. தனிக் கட்டடம் தேடாமல், உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தின் உள்ளேயே ஓர் இடம், சீனாவிலிருந்து ஆசிரியர்கள், பாடநூல்கள், பணம். இலங்கையில் களனிப் பல்கலைக்கழகத்தில் 2007 முதல் இருக்கிறது. மாணவர்கள் உண்மையாகவே சீன மொழி கற்றார்கள், உதவித்தொகையில் சீனாவுக்குப் படிக்கப் போனார்கள், வேலைக்கும் போனார்கள். அந்த ஆசிரியர்களில் பெரும்பாலோர் மொழி கற்பிக்க வந்த இளைஞர்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

சிக்கல் மேலிடத்தில் இருந்தது. 2014 ஜூலையில் போர்ச்சுகலின் பிராகா நகரில் ஐரோப்பியச் சீனவியல் அறிஞர்களின் மாநாடு நடந்தது. அதற்கு நிதி தந்தவர்களில் கன்பூசியஸ் நிறுவனங்களை நடத்தும் ஹான்பான் அமைப்பும் ஒன்று, தைவானைச் சேர்ந்த ஓர் அறக்கட்டளையும் ஒன்று. மாநாட்டுக்கு வந்த ஹான்பான் தலைவர் ஷூ லின், அச்சிட்டு வைத்திருந்த நிகழ்ச்சி நிரலில் தைவான் அறக்கட்டளையைக் குறிப்பிடும் பக்கங்களைக் கிழிக்கவைத்தார். அறிஞர்களின் கைக்கு வந்தது கிழிந்த புத்தகம். ஒரு பேராசிரியரிடம் அவர் மாநாட்டின் தாளையே கிழித்துக் கொடுத்துவிட்டு, பிறகு எங்கள் நட்பை நம்புங்கள் என்று எப்படிக் கேட்பது? அதே ஆண்டு சிகாகோ பல்கலைக்கழகம் தன் கன்பூசியஸ் நிறுவனத்தை மூடியது. அடுத்த ஆண்டு ஸ்டாக்ஹோம் மூடியது. ஐரோப்பாவின் முதல் நிறுவனம் அங்கேதான் இருந்தது. அமெரிக்காவில் நூறுக்கும் மேல் இருந்தவை 2023 வாக்கில் ஐந்துக்கும் கீழே வந்துவிட்டன. அமெரிக்க நாடாளுமன்றத்தின் சட்டங்களும் சீன எதிர்ப்பு அரசியலும் அதில் பெரும்பங்கு வகித்தன என்பது உண்மைதான். ஆனால் எதிர்ப்பவர்கள் கையில் கிழிந்த பக்கங்களைக் கொடுத்தது பெய்ஜிங்.

கொழும்பில் நடந்த சிறிய சம்பவம் ஒன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2021-ல் இலங்கை அரசின் தலைமை வழக்கறிஞர் அலுவலகமான சட்டமா அதிபர் திணைக்களத்தில் சீன உதவியுடன் அமைந்த மின்நூலகத்தின் பெயர்ப்பலகையில் சிங்களம் இருந்தது, ஆங்கிலம் இருந்தது, சீனம் இருந்தது. நாட்டின் ஆட்சிமொழிகளில் ஒன்றான தமிழ் இல்லை. கண்டனம் எழுந்ததும் பலகை அகற்றப்பட்டது. யாரும் சதி செய்திருக்க வேண்டியதில்லை. தொலைவிலிருந்து முடிவெடுப்பவர்களுக்கு இந்த ஊரில் யார் வாழ்கிறார்கள் என்பது தெரியாமல் போகும், அவ்வளவுதான்.

அந்தத் தவறு நமக்கும் நேரும் என்பதற்கு யாழ்ப்பாணமே சாட்சி. திருவள்ளுவர் பெயரைச் சூட்டியபோது பெயரிலிருந்து யாழ்ப்பாணம் விடுபட்டுப்போனது. ஊர் மக்கள் வருத்தப்பட்டார்கள், பிறகு ‘யாழ்ப்பாணம் திருவள்ளுவர் கலாச்சார மையம்’ என்று திருத்தினார்கள். அந்த வருத்தத்தை நான் ஊர்ப்பெருமை என்று ஒதுக்கமாட்டேன். பரிமேலழகர் உரையோடு திருக்குறளை 1861-ல் பதிப்பித்தவர் நல்லூர்க்காரரான ஆறுமுக நாவலர். தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த சி.வை. தாமோதரம்பிள்ளையும் யாழ்ப்பாணத்துக்காரர். சென்னைக்கு நூல் பதிப்பித்துக் கொடுத்த ஊருக்கு வள்ளுவரை நாம் கொண்டுபோய்க் கொடுப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போன்றது. வள்ளுவர் அங்கே விருந்தாளி அல்லர், வீட்டுக்காரர். இந்த ஒரு புரிதல் இருந்தாலே மையத்தின் வேலைத்திட்டம் பாதி மாறிவிடும்.

பெயர் வைப்பதில் ஜெர்மனி கவனமாக இருந்தது. உலகெங்கும் கோத்தே நிறுவனம் என்று இயங்குவது இந்தியாவில் மட்டும் மாக்ஸ் முல்லர் பவன் ஆனது. ரிக்வேதத்தைப் பதிப்பித்த அறிஞரின் பெயர் நம் காதுக்கு அந்நியமாக இல்லை. அந்த நிதானத்துக்குப் பின்னால் ஒரு காயம் இருக்கிறது. 1925-ல் தொடங்கிய டாய்ச்ச அகாதமி என்ற மொழிநிறுவனம் நாஜிகளின் பிரச்சாரக் கருவியாகிச் சீரழிந்தது. 1945-ல் அது கலைக்கப்பட்டது. 1951-ல் கோத்தே நிறுவனத்தைத் தொடங்கியவர்களுக்கு அதே பள்ளத்தில் மறுபடி விழக்கூடாது என்ற பயம் இருந்தது. 1976-ல் வெளியுறவு அமைச்சகத்தோடு ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். பணத்தின் பெரும்பகுதி அரசிடமிருந்து வரும், நிகழ்ச்சிகளைத் தீர்மானிப்பது நிறுவனம். ஜெர்மன் அரசின் கொள்கையைக் கடுமையாக விமர்சிக்கும் ஜெர்மன் எழுத்தாளரை ஜெர்மன் அரசின் பணத்திலேயே சென்னைக்கு அழைக்க இதனால் முடிகிறது. கேட்பவர்களுக்கு அந்த நாட்டின்மேல் மதிப்பு கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. நான் கண்ட வழிகளில் மிக நேர்மையானது இதுதான். குறை இல்லாமல் இல்லை. 2023-ல் ரோட்டர்டாம், டூரின், வாஷிங்டன் உட்பட ஒன்பது இடங்களில் மூடுவதாக அறிவித்தார்கள். வெளியுறவின் முன்னுரிமை நகரும்போது, நிகழ்ச்சிகளில் கைவைக்காத அரசும் பணத்தை வேறு ஊருக்கு நகர்த்தும். பல்லாண்டு பழகிய ஊர்க்காரர்கள் ஒரு நாள் பூட்டிய கதவைப் பார்ப்பார்கள்.

பிரான்சின் அலியான்ஸ் இன்னொரு படி முன்னே போகிறது. புதுச்சேரியில் 1889 முதல், சென்னையில் 1953 முதல் இயங்குவது பாரிஸின் கிளை அலுவலகம் அல்ல. அந்தந்த நாட்டுச் சட்டப்படி பதிவு செய்த உள்ளூர்ச் சங்கம், உள்ளூர் நிர்வாகக் குழு, வகுப்புக் கட்டணத்தில் ஓடும் வண்டி. அரசு ஓர் இயக்குநரை அனுப்பலாம், மானியம் தரலாம். இதே பிரான்சுக்கு, அரசின் நேரடிக் கைகளான ‘பிரெஞ்சு நிறுவனம்’ என்ற கலாச்சார மையங்களும் உண்டு. மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்கினா பாசோவில் 2022 செப்டம்பர் இறுதியில் நடந்த ஆட்சிக்கவிழ்ப்பை அடுத்து, அக்டோபர் தொடக்கத்தில் ஆத்திரம் கொண்ட கூட்டம் தூதரகத்தோடு ஊகடூகூ நகரத்தின் பிரெஞ்சு நிறுவனத்தையும் தாக்கியது. நூலகமும் அரங்கமும் உள்ள இடம் அது. அந்த ஊர் இளைஞர்களே படித்த இடம். சகாராவுக்குத் தெற்கே உள்ள சாஹேல் பகுதியில் பிரெஞ்சுப் படைகள் செய்ததற்கும் அந்தப் புத்தகங்களுக்கும் தொடர்பில்லை. ஆனால் வாசலில் ஒரே கொடி பறக்கும்போது கூட்டம் அதைப் பிரித்துப் பார்க்காது. சங்க முறையின் பலவீனம் வேறு: கட்டணம் கட்ட முடிந்தவர்களுக்கே அது கதவு திறக்கும். நகரத்து நடுத்தர வர்க்கம் தாண்டி அது போவதில்லை.

இந்தப் பலவீனம் முற்றினால் பிரிட்டிஷ் கவுன்சில். அதன் வருமானத்தின் பெரும்பகுதி ஆங்கிலப் பாடத்திலும் தேர்விலும் வருவது. 2021-ல் இந்தியாவில் நடத்திவந்த ஐஇஎல்டிஎஸ் தேர்வுத் தொழிலையே 13 கோடி பவுண்டுக்கு விற்றது. கோவிட் கால அரசுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் இன்றும் திணறுகிறது. ஆங்கிலத்துக்கு உலகச் சந்தை இருப்பதால் இத்தனை நாள் ஓடியது. தமிழுக்கோ இந்திக்கோ அந்தச் சந்தை கிடையாது. எனவே இந்த வழியை மேற்கொண்டு பேசத் தேவையில்லை.

சியோலின் வழியைத்தான் இப்போது எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள். 1994-ல் ஒரு ஹாலிவுட் படத்தின் வருமானம் 15 லட்சம் ஹூண்டாய் கார்களை ஏற்றுமதி செய்வதற்குச் சமம் என்று கிம் யங்-சாம் அரசுக்கு ஓர் அறிக்கை சொன்னது என்பது அங்கே எல்லோரும் அறிந்த கதை. 1998-ல் பதவிக்கு வந்த கிம் டே-ஜங் அடுத்த ஆண்டே கலாச்சாரத் தொழில்களுக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்தார். அவர் செய்த இன்னொன்றை நம்மவர்கள் பேசுவதில்லை. அதுவரை தடைசெய்யப்பட்டிருந்த ஜப்பானியப் படங்களையும் இசையையும் படிப்படியாக உள்ளே அனுமதித்தார். காலனியாக ஆண்டவர்களின் கலை வந்தால் நம் கலை அழியும் என்று பயந்தவர்கள் ஏராளம். நடந்தது வேறு. போட்டி வந்தது, கொரியக் கலைஞர்கள் அதில் வளர்ந்தார்கள். கதவைத் திறந்த பிறகுதான் அவர்களால் வெளியே போக முடிந்தது.

இருந்தாலும் கொரிய வழியில் அரசு நல்லபிள்ளையாகவே இருந்துவிடவில்லை. அதிபர் பாக் குன்-ஹே ஆட்சியில், அரசுக்குப் பிடிக்காத 9,473 கலைஞர்களின் பெயர் கொண்ட கறுப்புப் பட்டியல் 2016-ல் வெளியே வந்தது. மானியம் கிடைக்கக் கூடாதவர்கள் அவர்கள். பதவியில் இருந்த கலாச்சார அமைச்சரே 2017 ஜனவரியில் கைதானார். ஆட்சிக்கு வேண்டாதவர்களாகக் குறிக்கப்பட்டோரில் இயக்குநர் போங் ஜூன்-ஹோவும் உண்டு, எழுத்தாளர் ஹான் காங்கும் உண்டு. 2020-ல் ஆங்கிலமல்லாத மொழிப் படம் ஒன்றுக்கு முதல் முறையாகச் சிறந்த படத்துக்கான ஆஸ்கரை வாங்கித் தந்தவர் போங். 2024-ல் இலக்கிய நோபல் வாங்கியவர் ஹான் காங். நாட்டுக்குக் கெட்ட பெயர் வாங்கித் தருவார்கள் என்று அதிகாரிகள் அஞ்சியவர்களே கொரியாவை உலகின் வீட்டுக்கூடத்தில் உட்காரவைத்தார்கள். அந்த அஞ்சிய அதிகாரி நம் ஊரிலும் இருக்கிறார் என்பதால்தான் இதை விரித்துச் சொல்கிறேன்.

நோபலுக்குப் பின்னால் அரசின் நல்ல கை ஒன்றும் உண்டு. கொரிய இலக்கிய மொழிபெயர்ப்பு நிறுவனம் பல மொழிகளில் மொழிபெயர்ப்பாளர்களைப் பயிற்றுவித்து, வெளிநாட்டுப் பதிப்பகங்களுக்கு நிதி கொடுத்துவருகிறது. ஹான் காங்கின் நூல்கள் இருபதுக்கும் மேற்பட்ட மொழிகளுக்குப் போனதில் அதற்குப் பங்குண்டு. பாப் இசையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பொறுமையான இந்த வேலையைக் கவனிப்பதில்லை. இன்னொரு எச்சரிக்கையும் இருக்கிறது. 2016-ல் அமெரிக்க ஏவுகணைத் தடுப்பு அமைப்பைக் கொரியா ஏற்றதும், சீனத் தொலைக்காட்சிகளிலிருந்து கொரியத் தொடர்கள் மறைந்தன, கச்சேரிகள் ரத்தாயின. சந்தையாக நுழைந்ததைச் சந்தையாகவே மூடிவிடலாம்.

இந்தியாவுக்குத் தொழில்வழி புதியதும் அல்ல, அரசின் வேலையும் அல்ல. ரஜினிகாந்தின் முத்து 1998-ல் டோக்கியோவில் மாதக்கணக்கில் ஓடியபோது எந்த அமைச்சகமும் அதை அனுப்பவில்லை. 2006-ல் ஜப்பானிய நாடாளுமன்றத்தில் மன்மோகன் சிங் அந்தப் படத்தைக் குறிப்பிட்டுப் பேசினார். அரசு செய்ய வேண்டிய அளவும் அதுதான். சினிமா தானாகப் போகும். தானாகப் போகாதது கவிதை, நாடகம், ஆய்வு நூல். அரசின் பணம் அங்கேதான் தேவை.

இனி அதிகாரிகள் கேட்கும் கேள்வி. கட்டளையிட முடியாத ஒன்றுக்கு அரசு ஏன் செலவு செய்ய வேண்டும்? இதற்கு ஜப்பானின் அனுபவத்தைத்தான் பதிலாக வைப்பேன். 1974 ஜனவரியில் பிரதமர் தனாகா தென்கிழக்கு ஆசியாவுக்குப் போனபோது பாங்காக்கில் மாணவர்கள் எதிர்ப்பு தெரிவித்தார்கள், ஜகார்த்தாவில் கலவரமே வெடித்தது, ஜப்பானியக் கார்கள் எரிந்தன. முதலீடும் உதவியும் கொட்டிய நாடுகள் அவை. 1977-ல் மணிலாவில் பிரதமர் ஃபுகுடா, ஜப்பான் இராணுவ வல்லரசாகாது, இதயத்தோடு இதயம் பேசும் உறவையே நாடும் என்று அறிவித்தார். பேச்சோடு நிற்கவில்லை. ஆசியான் நாடுகள் தாங்களே தங்கள் கலைப் பரிமாற்றத்துக்குச் செலவழிக்க ஒரு நிதிக்கு ஜப்பான் பணம் கொடுத்தது. அதே காலத்தில் டொயோட்டா அறக்கட்டளை, அண்டை நாடுகளின் இலக்கியத்தை ஜப்பானிய மொழிக்குக் கொண்டுவரும் திட்டத்தைத் தொடங்கியது. எங்களைப் படியுங்கள் என்று சொல்வதோடு, உங்களைப் படிக்கிறோம் என்றும் சொன்னார்கள். இன்று தென்கிழக்கு ஆசியாவில் ஜப்பானுக்குள்ள நற்பெயரை அந்தக் கலவர நாட்களில் யாரும் கற்பனை செய்திருக்க முடியாது.

எனவே என் தேர்வு இது. நிர்வாகத்துக்கு அலியான்ஸின் உடல்: அந்தந்த நாட்டுச் சட்டப்படி உள்ளூர்ச் சங்கம், உள்ளூர்க் குழு. பணத்துக்கு ஜெர்மனியின் ஒப்பந்தம்: பல ஆண்டுகளுக்கு முன்கூட்டியே எழுதி வெளியிடப்பட்ட தொகை, நிகழ்ச்சிகளில் தூதரகம் தலையிடாது என்ற வரியோடு. வேலைக்குக் கொரியாவின் மொழிபெயர்ப்பு நிறுவனமும் பழைய மாஸ்கோவின் விலையும். மௌலானா ஆசாத் 1950-ல் தொடங்கிய இந்தியக் கலாச்சார உறவுகள் மன்றத்திடமே பொறுப்பு இருக்கட்டும், ஆனால் ஆண்டுக்கு எத்தனை நடனக் குழு அனுப்பினோம் என்ற கணக்கை அது கைவிட வேண்டும். டெல்லிக்கு இதில் நிச்சயமாக ஓர் இழப்பு உண்டு. ஈழத்துக் கவிஞர் ஒருவர் அந்த மேடையில் நின்று இந்திய அமைதிப்படை காலத்தைப் பற்றிக் கசப்பாக ஒரு கவிதை படிக்கலாம். படிக்க விட வேண்டும். படிக்க விடாத மேடையை யாழ்ப்பாணம் தன் மேடையாக ஒருநாளும் ஏற்காது.

எல்லா ஊருக்கும் ஒரே வரைபடம் போடுவதும் கூடாது. சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழி, பள்ளிப் பாடம். இந்திய மரபுடைமை நிலையம் 2015 முதல் இருக்கிறது. அங்கே இன்னொரு வகுப்பறை வேண்டியதில்லை. அங்குள்ள தமிழ் எழுத்தை மலாய்க்கும் சீனத்துக்கும், அவர்கள் எழுத்தைத் தமிழுக்கும் கொண்டுவர ஆள் வேண்டும்.

யாழ்ப்பாண மையம் நிற்பது பொது நூலகத்தின் பக்கத்தில். 1981-ல் சுமார் 97,000 நூல்களோடு எரிக்கப்பட்ட நூலகம் அது. அங்கே என்ன செய்யலாம் என்று என்னைக் கேட்டால், பதினொரு மாடிகளில் ஒன்றை மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒதுக்கச் சொல்வேன். சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்கவின் மொழியிலிருந்து தமிழுக்கும், தமிழிலிருந்து அந்த மொழிக்கும் வேலை செய்ய நான்கு சிங்களவர், நான்கு தமிழர். ஆளுக்கொரு மேசை, நல்ல அகராதிகள், மாதச் சம்பளம், பக்கத்துக் கட்டடத்தின் நூலக அட்டை.